சத்தம் மட்டும் வந்துச்சு

அண்ணன் இல்லையாக்கா கடையில? இல்ல இல்ல, அவரு வரட்டும்னு கேக்கல. அவரு இருந்ததுனாலதான் காலையில வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். எதுத்த பழக்கடையில நின்னுக்கிட்டே இருந்தேன், அவரு வண்டிய எடுத்துட்டுப் போற வரைக்கும். சும்மா நிக்கக் கூடாதேன்னு வாழப்பழம் வாங்கினேன். அதையும் பிள்ள தின்னு முடிச்சிட்டா. ஆம்பளைகிட்ட நின்னு இதச் சொல்ல எனக்கு வராதுக்கா. உங்ககிட்டயே வருமான்னு தெரியல.

இந்தாங்க, இந்தப் பென்டிரைவுதான். இதுல ஒரு வீடியோ இருக்கு. எங்க மாமா வீடியோ. மாமான்னா எங்க வீட்டுக்காரரோட அப்பா. தவறிட்டாங்க. நேத்துதான் பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சுச்சு. இத டிவியில போட்டா படம் வர மாட்டேங்குதுக்கா. சத்தம் மட்டும் வருது. படம் வரணும். சாயங்கால ரயிலுக்கு அவரு கிளம்புறாரு, ஹூப்ளிக்கு. அங்க பேக்கரியில மாஸ்டரா இருக்காரு. போனா இனி பொங்கலுக்குத்தான். அதுக்குள்ள அந்தப் படத்த அவரு டிவியில பாக்கணும். பாக்காமப் போயிட்டாருன்னா... பாக்கணும்க்கா. அவ்வளவுதான்.

பேரா? பூமாரி. வீட்டுக்காரரு பேரா... ஏ வர்ணிகா, அக்காகிட்ட அப்பா பேரு சொல்லு. வெக்கப்படாதடீ, சொல்லு. வேல்ச்சாமி. ஆமாக்கா, அதான். வயரத் தொடாத, இங்க வா.

ஐயோ, உங்களுக்குப் படம் வருதே! பாருங்க, மாமாதான். அது கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேட்டி கட்டி நின்னப்ப எடுத்தது. எப்படி வருது? அப்ப எங்க டிவிதான் கெட்டுப்போச்சா... அக்கா, நிறுத்துங்க. நிறுத்துங்க நிறுத்துங்க. அடுத்த துண்டு வேணாம். இப்ப வேணாம்க்கா. மன்னிச்சுக்கங்க, கத்திட்டேன். நான் சொல்லிட்டு அப்புறம் போடுங்க.

நான்தான் செஞ்சேன் இந்த வீடியோவ. போன்லயே. எனக்குப் படிப்பு ஆறாவதோட சரி. அதுல வர்ற இங்கிலீஷு ஒண்ணும் வாசிக்கத் தெரியாது. எந்தப் பொத்தான் எங்க இருக்கு, அமுக்கினா என்ன ஆகும்னு பாத்துப் பாத்து வச்சிருக்கேன். கத்திரி போட்டது வெட்டறதுக்கு. இசைக்குறி போட்டது பாட்டுக்கு. இவ பொறந்தநாளுக்கு ஒண்ணு செஞ்சு ஸ்டேட்டஸ் வச்சேன், எங்க தெருவுல நாலு பேரு கேட்டாங்க எங்களுக்கும் செஞ்சு தான்னு. வாயாலதான் பேச வராது எனக்கு, அதுலயாவது நல்லா வருதேன்னு ஒரு சந்தோசம். அத வச்சுத்தான் மதினி சொன்னாங்க. மதினின்னா அவரோட அக்கா, தங்கப்புஷ்பம், மதுரையில இருக்காங்க. "நீதான் ஸ்டேட்டஸ் நல்லாப் போடுவியே பூமாரி, அப்பாவுக்கு ஒரு வீடியோ செய்யி, பதினாறுக்குப் பந்தல்ல டிவி வச்சுப் போடுவோம், வர்றவங்க பாக்கட்டும்"னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. அதுல தப்பே இல்ல.

பகல்ல இவ தூங்கற நேரமாப் பாத்துச் செஞ்சேன். சத்தம் வச்சா முழிச்சிருவா. அதனால போன் சத்தத்த முழுசாக் கொறச்சிட்டு, படத்த மட்டும் பாத்து வெட்டினேன். ஒவ்வொரு துண்டுலயும் உள்ள சத்தத்த அணைக்கறதுக்குத் தனியா ஒரு பொத்தான் இருக்குல்ல, ஸ்பீக்கர் படம் போட்டது, அத ஒவ்வொண்ணுலயா அமுக்கிட்டே வந்தேன். மேல ஒரே பாட்டு ஓடணும், அதான். ஒரு துண்டுல மட்டும் அமுக்க மறந்துட்டேன் போல. காதுல கேட்டாத்தான தெரியும்.

கடைசியில சேவ் பண்றப்ப, ஆமா, எக்ஸ்போர்ட்டு, அதுதான். பெரிய டிவியில போடறதாச்சேன்னு தெளிவக் கூட்டுற அந்தக் கோட்ட ஓரம் வரைக்கும் இழுத்துவிட்டேன், பெருசா இருக்கட்டும்னு. எடம் பத்தலைன்னு சொல்லிருச்சு போனு. செஞ்சு முடிச்ச துண்டையெல்லாம் கேலரியில இருந்து அழிச்சேன். அப்பவும் பத்தல. கீழ ஒரு பொத்தான் இருந்துச்சு, சும்மா தள்ளிப் பாத்தேன், அளவு பாதியாக் கொறஞ்சிருச்சு. அடேயப்பான்னு இருந்துச்சு எனக்கு. இம்புட்டு நாள் இது தெரியாமப் போச்சேன்னு. போன்ல போட்டுப் பாத்தா தெளிவா ஓடுது. சத்தமில்லாமத்தான் பாத்தேன்.

அந்தப் பொத்தான்தானா? எச்சு... இருநூத்தி அறுபத்தஞ்சா? அப்படின்னா? ம். ம். அதாவது, படத்த ரொம்பச் சின்னதா மடிச்சு வச்சிருக்கு, எங்க டிவிக்கு அத விரிக்கத் தெரியல. சத்தத்த மடிக்கல, அதனால அது மட்டும் வெளிய வந்துருச்சு. இவ்வளவுதானாக்கா? டிவி மேல குத்தமில்லையா? பழைய டிவி, விரிக்கத் தெரியலன்னா அது என்ன பண்ணும். இத அறுபத்தஞ்சுல இருந்து அறுபத்தி நாலா மாத்தினாப் போதும். சரி. ஒரு பொத்தான். நான் தள்ளின ஒரு பொத்தான்.

நேத்து மத்தியானம் சாப்பாட்டுப் பந்தி ஓடிட்டு இருக்கு. பந்தல்ல மாமா போட்டோ, மாலை, பக்கத்துல டிவி. மைக் செட்டுக்காரங்க ஆள் ஒசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வச்சிருந்தாங்க, டிவி சத்தத்த அதுலதான் குடுத்திருந்தாங்க. எங்க கொழுந்தன் மணிக்குமாரு, சின்னமாமா மகன், அவன்தான் பென்டிரைவச் சொருகினான். எல்லாரும் நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காந்தாங்க. அவரு முன்னால உக்காந்தாரு. மதினி அவருக்குப் பக்கத்துல. நான் அடுப்படிப் பக்கம் கதவுக்குப் பின்னால நின்னேன். செஞ்சது நான்னு யாராவது சொன்னா அப்படியே உள்ள ஓடிரலாம்னு.

பாட்டு வந்துச்சு. படம் வரல. கறுப்பா இருக்கு. வரும் வரும்னு எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. படம் இருந்தா வேடிக்கை பாப்பாங்க, பேசுவாங்க. கறுப்பா இருந்ததுனால அம்புட்டுப் பேரும் கப்சிப்புனு காதக் குடுத்து உக்காந்திருக்காங்க. அப்பத்தான்க்கா வந்துச்சு என் கொரலு.

"வாயத் தொறக்கப் போறீங்களா இல்லையா? ஒங்களோட தெனமும் இதே ரோதனை. தின்னாத் தின்னுங்க, இல்லாட்டி இப்படியே கெடந்து சாவுங்க!"

பாக்ஸுல. தெருமுனை வரைக்கும். செத்துப் பதினாறாம் நாளு.

எனக்கு அது என் கொரலுன்னே முதல்ல தெரியலக்கா. யாரு இந்தக் கத்துக் கத்துறாங்கற மாதிரி கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். எல்லாரும் என்னையத்தான் பாக்காங்க.

சும்மா நிறுத்தியிருந்தாப் போதும். மணிக்குமாரு கெட்டிக்காரன், படம் வராம விடமாட்டான். பென்டிரைவப் பிடுங்கி அடுத்த ஓட்டையில சொருகினான். மறுபடி பாட்டு. மறுபடி கறுப்பு. மறுபடி "கெடந்து சாவுங்க". டிவிய அணைச்சுப் போட்டான். மறுபடி. ரிமோட்ட வச்சு என்னத்தையோ அமுக்குறான், படம் வர்றதுக்குப் பதிலா சத்தம் கூடுது. "படந்தான் அண்ணே வர மாட்டேங்குது, ஆடியோ சூப்பரா இருக்கு"ங்கறான். அவனுக்கு என்ன சத்தம் ஓடுதுன்னே மண்டையில ஏறல. கடைசியில எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சுப் போயி வயரப் பிடுங்கினாரு.

மாமாவோட தங்கச்சி, அவருக்கு அத்தை, எந்திரிச்சிட்டாங்க. "எங்கண்ணன் கைகால் விழுந்து, பேச்சும் போயிக் கெடந்தாரு. வாயிருந்தாச் சொல்லிருப்பாரு இவ வச்சிருந்த லட்சணத்த"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழறாங்க. பந்தியில பாதி பேரு கைய உதறிட்டு எந்திரிச்சிட்டாங்க. ஒரு பொம்பள சொல்லுது, "ஊமை மாதிரி இருப்பாளே, உள்ளுக்குள்ள இம்புட்டுக் கொரலு இருக்கு பாரேன்."

எனக்கு நாலு பேரு முன்னாடி நாக்கு எழும்பாதுக்கா. பொய்யுன்னு சொல்ல முடியுமா? என் கொரலுதான். நான் சொன்னதுதான்.

உங்ககிட்ட சொல்றேன். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு சோறு இறங்கல. வாயை இறுக்கி மூடிக்குவாங்க. கெஞ்சிப் பாத்தேன், சாமிய வேண்டிப் பாத்தேன். ஊசி வழியா ஏத்துன தண்ணியிலதான் உசுரு ஓடுச்சு. எங்க அத்தை, மாமா சம்சாரம், நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. அவங்க மாமாவத் திட்டி வையாத நாளே கிடையாதாம். வஞ்சாத்தான் மாமா சாப்பிட உக்காருவாங்களாம். அத மதினிதான் ஒருக்கா வந்திருந்தப்ப சொன்னாங்க. "எங்கம்மா இப்படித்தான் வையும், வாயத் தொறக்கப் போறீங்களா இல்லையா, ஒங்களோட தெனமும் இதே ரோதனை"ன்னு வஞ்சு காட்டினாங்க. மாமா கண்ணு அப்படியே மின்னுச்சு. அன்னைக்கு மதினி ஊருக்குப் போன பிறகு நான் தனியா, கதவச் சாத்திட்டு, வெக்கத்த விட்டுட்டு, ஒரு தடவ வஞ்சு பாத்தேன். ஒரு வாய் வாங்கிட்டாங்கக்கா. சிரிச்சாங்க. சிரிக்கறப்ப வாய் தொறக்கும்ல, அந்த நேரம் பாத்து ஊட்டிரணும். அதுதான் பக்குவம். அதுல இருந்து மூணு வேளையும் வசவுதான். மாமா மறுவாய்க்கு என்னையப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, இன்னும் வையின்னு.

என் ஆயுசுல நான் கொரல ஒசத்திப் பேசினது அவங்ககிட்ட மட்டுந்தான். பெத்தவங்ககிட்டகூட அப்படிப் பேசினதில்ல.

இத அவருகிட்டச் சொல்ல வேண்டியதுதானன்னு நீங்க கேப்பீங்க. நேத்து எல்லாரும் போன பிறகு ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. "அப்பாவ அப்படித்தான் வச்சிருந்தியா பூமாரி?" அடிச்சிருந்தாக்கூட வாய் தொறந்திருக்கும். அப்படிக் கேட்டா எனக்கு அழுகைதான் வருது. போனை நீட்டினேன், இதுல படம் இருக்கு பாருங்கன்னு. "எல்லாரும் கேட்டாச்சு. இனி தனியாக் காட்டி என்ன"ன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. காலையில நான் போட்ட காப்பிய எடுக்கல. அப்படியே ஆடை கட்டிக் கெடந்துச்சு. அதான், டிவியிலதான் பாக்கணும். எல்லாரும் கேட்டாங்க, எல்லாரும் பாக்கட்டும். மாமா சிரிச்சுக்கிட்டு இருக்கறதப் பாத்தா தெரிஞ்சிரும்ல. சொல்லவே வேணாம்ல.

மதினியா? மதினி ஒண்ணும் சொல்லல. பாவம், அழுதுட்டு இருந்தாங்க. அந்தத் துண்ட எடுத்ததே அவங்கதான்க்கா, அவங்க போன்ல. ரெண்டாந்தரம் வந்திருந்தப்ப. நேத்து அவரு பக்கத்துல உக்காந்து கேட்டவங்கதான். ஆனா அழுகையில கவனிச்சிருக்க மாட்டாங்க. அதுவுமில்லாம நேத்துக் காலையில இருந்து அவங்களத்தான் ஆளாளுக்கு ஏசிட்டு இருந்தாங்க. மகள்னு ஒருத்தி இருந்து என்ன, தகப்பன் படுத்துக் கெடந்தப்ப ரெண்டு தடவதான் எட்டிப் பாத்தாள்னு. வீடியோ ஓடின பிறகு அத யாரும் பேசல. எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. அதுலயாவது மதினிக்குக் கொஞ்சம் நிம்மதி.

சரிக்கா, போடுங்க. இப்பப் போடுங்க. பாத்துக்கறேன். சத்தத்தக் கொஞ்சம்... அண்ணன் வந்துரமாட்டாருல்ல?

...

மறுபடி போடுங்க.

இல்லையே. சிரிப்பு எங்க? மாமா சிரிப்பாங்களே. இது என்ன, கண்ணு கலங்கி, வாயை இறுக்கிக்கிட்டு... பயந்து போயிருக்கற மாதிரில்ல இருக்கு. இதப் பாத்தா இன்னும்ல கேவலமா நெனப்பாங்க. போன்ல சின்னதாப் பாத்ததுல எனக்குத் தெரியல. மனசுக்குள்ள மாமா சிரிக்கறதப் பாத்துக்கிட்டே வெட்டியிருக்கேன் போல.

நான்தான் வெட்டினேன்க்கா. கடைசியில மதினி போனை அவங்க பக்கம் திருப்பிருவாங்க, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு. சாவு வீட்டு வீடியோவுல மக சிரிக்கற முகம் வந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அவங்க பேரு கெட்டுப் போயிருமேன்னு அதுக்கு முன்னாடி வெட்டினேன். விரல் தள்ளி விழுந்திருக்கு. மாமா சிரிப்பும் சேந்து போயிருச்சு. முன்னாடியும் கொஞ்சம் வெட்டினேன், அதுல வெறும் தரைதான் தெரியும்.

முழுசு இல்லக்கா. எடம் பத்தலன்னு அழிச்சேன்ல. அதுவும் போச்சு. மதினிகிட்ட இருக்கும், கேட்டா... எப்படிக் கேக்க. அவங்க இன்னைக்கே கிளம்பிருவாங்க.

குப்பைத்தொட்டியா? போனுக்குள்ளயா? அழிச்சா அழிஞ்சிராதா? இந்தாங்க, நீங்களே பாருங்க. பூட்டெல்லாம் இல்ல. வர்ணிகா, அக்கா கையத் தட்டாத, இரு. அதுதான்! அக்கா அதுதான், மாமாவோட பச்சைப் போர்வை! இம்புட்டு நாளும் உள்ளயேவா கெடந்துச்சு. போடுங்க. ஆரம்பத்துல இருந்து போடுங்க. தரைதான். மதினி கொலுசு தெரியுது பாருங்க.

...

அக்கா, என்னைய அப்படிப் பாக்காதீங்க.

நான் மறந்தே போனேன். தரை தெரியற எடத்துல மதினி பேசுவாங்கன்னு எனக்கு ஞாபகமே இல்ல. இன்னொருக்கா போடுங்க. "வையி பூமாரி, அம்மா வையிற மாதிரியே வையி, நான் வீடியோ எடுக்கேன்." ம். அப்புறம் நான். அப்புறம் பாருங்க, பாருங்க மாமாவ, சிரிப்ப அடக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க, அதான் கண்ணு கலங்கிருக்கு, இப்ப ஒடைஞ்சிருச்சு பாருங்க! தோளு குலுங்குது. வாயத் தொறந்துட்டாங்க, ஊட்டிட்டேன். "கெடந்து சாவுங்கன்னு எங்கம்மாவே வந்து சொல்ற மாதிரி இருக்குப்பா!" மதினி. சிரிக்காங்க. திருப்பிட்டாங்க போனை.

வர்ணிகா, தாத்தா பாரு. ஆமா, தாத்தா மம்மம் சாப்பிடறாங்க.

மதினி மறந்திருப்பாங்கக்கா. எத்தனையோ ஜோலி அவங்களுக்கு. நேத்து அழுகையில அவங்களுக்கு எங்க ஞாபகம் வரப் போகுது.

ஒரு தடவன்னா கவனிக்காம இருந்திருக்கலாம்.

மணிக்குமாரு திரும்பத் திரும்பப் போட்டான்.

இல்லக்கா, அழல. தூசி. இந்தத் துண்ட அந்த எடத்துல முழுசா வச்சிர முடியுமா? ஒரு நிமிசத்துல வச்சிரலாமா. சரி. அறுபத்தி நாலுல. எங்க டிவிக்கு விரிக்கத் தெரிஞ்ச மாதிரி. கண்டிப்பா ஓடும்ல? படமும் சத்தமும் சேந்து வரும்ல? உங்க டிவியில ஒருக்கா சொருகிப் பாத்துட்டுத் தாங்கக்கா. ஒருக்கா ஏமாந்துட்டேன்.

மதினி பேசறதையா? அதை மட்டும் அணைச்சுத் தரவான்னு கேக்கறீங்களா? அப்படியும் செய்யலாமா? அப்ப... மாமா சிரிக்கறது தெரியும். மதினி எடுத்தாங்கன்னு தெரியாது. அவங்களுக்கும் ஒரு சங்கடம் இருக்காது. நான் யாருன்னு அவங்களச் சங்கடப்படுத்த...

போனு. அவருதான். இருங்கக்கா.

ம்... கடையில இருக்கேன்... பிள்ளை எங்கிட்டதான் இருக்கா, பழம் சாப்பிட்டா... வீடியோக் கடை... ஆமா. சரி பண்றாங்க... ம்... வந்துருவேன், ரயிலுக்கு முன்னாடி... என்னங்க, வச்சிராதீங்க. மதினி கிளம்பிட்டாங்களா?... பை எடுத்து வச்சாச்சா... இருக்கச் சொல்லுங்க. நான் வந்து காப்பி போடறேன், குடிச்சிட்டுப் போகலாம்னு சொல்லுங்க. உங்க அத்தையவும் கூப்பிடுங்க... ஆமா, நான்தான் சொல்றேன். பூமாரிதான். மணிக்குமாருகிட்ட அந்த பாக்ஸ இன்னும் திருப்பிக் குடுக்க வேணாம்னு சொல்லுங்க.

வச்சிட்டாரு. கொரல் ஒசந்திருச்சாக்கா எனக்கு? தெருவுல போறவரு திரும்பிப் பாத்துட்டுப் போறாரு. ச்சே.

அக்கா, எதையும் அணைக்க வேணாம். அந்த எடம் வர்றப்ப பாட்டை மட்டும் கொறச்சு வைங்க.